விண்கலமும் உயிர்ப்பும்

உணவின்றி மனிதன் சில வாரங்கள் வாழ்தல் கூடும். நீரின்றிச் சில நாட்கள் தாங்குதல் கூடும். காற்றின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் வாழ்தல் எவர்க்கும் இயலாது. இதனை அறியாதார் இலர். ஆயினும் நினைந்து பார்ப்பார் மிகச் சிலரே. உணவுக்காக மக்கள் உழைக்கின்றனர். நீருக்காகக் கிணறு தோண்டுகின்றனர். காற்றுக்கோ ஒருவரும் விலை கொடுப்பதில்லை. விலையின்றிக் கிடைக்கும் பொருளின் அருமை, அது கிடையாத இடத்திற்குச் சென்ற பின்னரே விளங்கும். அத்தகைய இடம் விண்வெளி.

மூச்சினை 'உயிர்ப்பு' என்று வழங்குதல் தமிழ் மரபு. உயிர் உண்டு என்பதற்கு மூச்சே அடையாளம் என்பதை அச்சொல்லே காட்டி நிற்கிறது. எழுத்துகளைப் பகுத்த இலக்கண நூலார், தாமே இயங்க வல்லவற்றை உயிர் என்றும், உயிரின் துணையின்றி இயங்க மாட்டாதவற்றை மெய் என்றும் பெயரிட்டனர். இப்பகுப்பு விண்கலத்திற்கும் பொருந்தும். உலோகத்தாலாகிய கூடும், தீயை உமிழும் பொறியும், திசை காட்டும் கருவிகளும் மெய் போன்றவை. உள்ளே நிறைந்திருக்கும் நல்ல காற்றே உயிர் போன்றது. உலகோர் கண்டு வியப்பன எல்லாம் மெய்யின் சிறப்புகளே. எத்துணை விரைவாகச் சென்றது, எத்துணைத் தொலைவு சென்றது என்றே வினவுகின்றனர். உள்ளே இருந்தோர் மூச்சுவிட்டது எங்ஙனம் என்று வினவுவார் அரியர். மனிதரைச் சுமந்து செல்லும் கலத்தின் பெருமையை, அவர்தம் மூச்சினை அக்கலம் காத்த திறத்தைக் கொண்டே முதற்கண் அளத்தல் வேண்டும். பிற சிறப்புகள் எல்லாம் அதன் பின்னரே வைத்து எண்ணத் தக்கவை. இக்கருத்தை விண்வெளிப் பயணத்தின் வரலாறே மெய்ப்பிக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் வாழ்ந்தார். அவர் கண்ணாடி மணிக்கூட்டினுள் ஓர் எலியை அடைத்து வைத்தார். எலி சிறிது நேரத்தில் சோர்ந்து வீழ்ந்தது. அதே கூட்டினுள் புதினாச் செடியின் கிளையொன்றை வைத்து வளர்த்தபோது, கெட்டுப் போன காற்று மீண்டும் எலி வாழ்தற்கு உரியதாயிற்று. மரம் செடி கொடிகள் காற்றைத் தூய்மை செய்யும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. நிலவுலகத்தில் காடும் கடலும் காற்றும் கூடி நாள்தோறும் இத்தொண்டினைச் செய்து வருகின்றன. விண்கலமோ, செடியில்லாத மணிக்கூட்டினை ஒத்தது. அங்கே காடும் கடலும் செய்யும் தொழிலைச் சில பெட்டிகளும் குழாய்களும் விசிறிகளும் செய்தல் வேண்டும்.

அத்தொழில் இரு கூறுடையது. ஒன்று, பிராணவாயுவைக் கொடுத்தல். மற்றொன்று, கரியமிலவாயுவை நீக்குதல். ஒருவர்க்கு ஒரு நாளைக்கு வேண்டும் பிராணவாயுவின் எடை ஏறத்தாழ 840 கிராம். அவர் வெளியிடும் கரியமிலவாயு ஏறத்தாழ ஒரு கிலோகிராம். நிலவுலகக் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கும், நைட்ரஜன் 78 பங்கும் இருக்கின்றன. கரியமிலவாயு நூற்றில் ஒரு பங்கினும் மிகக் குறைவு. பதினாயிரத்தில் நான்கு பங்கு என்னும் அளவினதே. மூடிய அறையினுள் இவ்வளவு விரைந்து உயரும். சிறிது உயரின் தலைவலியும் சோர்வும் அறிவு மழுங்கலும் உண்டாகும். நூற்றுக்குப் பத்துப் பங்கு என்னும் அளவினை எட்டினால் மயக்கமும் அதன்மேல் மரணமும் நேரும். பிராணவாயு நிரம்ப இருப்பினும் இத்தீங்கு நேர்தல் திண்ணம். ஆதலின், நல்லதைச் சேர்ப்பது மட்டும் போதாது. தீயதை அகற்றுவதும் வேண்டும்.

பிராணவாயு குறைதலில் மற்றோர் இடர் உண்டு. மூச்சு முட்டும் உணர்ச்சியைப் பெரிதும் எழுப்புவது கரியமிலவாயுவின் மிகுதியே அன்றிப் பிராணவாயுவின் குறைவன்று. பிராணவாயு குறைந்த அறையினுள் நுழைபவர் எவ்வகை எச்சரிக்கையும் பெறாமலே மயங்கி வீழ்வர். 1981-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19-ஆம் நாள், அமெரிக்க நாட்டில் கொலம்பியா விண்ணோடத்தைப் பயணத்திற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தனர். நைட்ரஜன் நிரம்பியிருந்த அதன் பின்பகுதிக்குள் ஊழியர் சிலர் நுழைந்தனர். நுழைந்தவர் மயங்கி வீழ்ந்தனர். அவருள் உயிரிழந்தாரும் உளர். கலம் அப்பொழுது நிலத்திலேயே நின்றது. வெளியே காற்றுக்குக் குறைவில்லை. இடர் புலன்களுக்குத் தோன்றாதாயின் கருவிகளே அதனைக் காட்டுதல் வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

இத்தொழிலுக்கு அறிஞர் பல வழிகளைக் கண்டனர். அமெரிக்கக் கலங்களில் லித்தியம் ஹைட்ராக்சைடு என்னும் பொருளை நிரப்பிய கொள்கலங்களின் ஊடே காற்றைச் செலுத்தினர். அப்பொருள் கரியமிலவாயுவைப் பற்றிக் கொள்ளும். பற்றிய பின் பயனற்றதாகும். சோவியத்துக் கலங்களில் பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு பயன்பட்டது. அது மூச்சில் உள்ள ஈரத்தையும் கரியமிலவாயுவையும் ஏற்றுப் பிராணவாயுவை வெளியிடும். ஒரே பொருள் இருதொழிலும் செய்யும். 1973-ஆம் ஆண்டில் விண்ணில் நிறுவப்பெற்ற ஸ்கைலேப் நிலையத்தில், கரியமிலவாயுவைப் பற்றி, பின்னர் வெட்டவெளியில் அதனை விட்டுவிட்டு, மீண்டும் மீண்டும் பயன்படும் சல்லடைப் பொருள் இடம் பெற்றது.

2000-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மனிதர் இடையறாது வாழ்ந்து வருகின்றனர். அங்கே நீரினுள் மின்சாரத்தைச் செலுத்திப் பிராணவாயுவைப் பிரித்தெடுக்கின்றனர். அந்நீரிலும் ஒரு பகுதி, வியர்வையிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் தூய்மை செய்து பெற்றதாகும். பிரிந்து நின்ற ஹைட்ரஜனையும், மூச்சில் வந்த கரியமிலவாயுவையும் கூட்டி மீண்டும் நீராக்கும் கருவியொன்று 2010-ஆம் ஆண்டில் அனுப்பப்பட்டது. பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞர் பால் சபாட்டியே கண்ட வினையே அதற்கு அடிப்படை. அவர் 1912-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர். பிற நச்சாவிகளையும் நாற்றத்தையும் நீக்கக் கரி வடிகட்டிகள் உள்ளன.

விசிறிகளின் தொண்டினை ஈண்டுத் தனியே குறித்தல் தகும். நிலவுலகில் வெப்பக் காற்று இலேசாகி மேலெழும். குளிர்ந்த காற்று கீழிறங்கும். எடையற்ற நிலையில் மேலும் இல்லை, கீழும் இல்லை, ஆதலின் காற்று தானே புடைபெயராது. உறங்குவார் ஒருவர் வெளியிட்ட மூச்சு அவர் முகத்தைச் சூழ்ந்தே நிற்கும். விசிறி நின்றால், நல்ல காற்று நிரம்பிய அறையிலேயே ஒருவர் தாம் விட்ட மூச்சினைத் தாமே மீண்டும் இழுத்து இடர்ப்படுவர். விசிறியின் ஓசை விண்வெளி வீரர்க்குத் தொல்லையாக இருக்கலாம்; ஆனால் அவ்வோசை நிற்பதே அவர்கள் அஞ்சத் தக்கது.

இத்துணை வழிகள் இருந்தும் துன்பங்கள் நேர்ந்தன. அறிவு இல்லாமையால் மட்டும் அவை நேரவில்லை. எடையைக் குறைக்கும் ஆசையாலும், முன்பு இடர் நேராமையால் இனியும் நேராது என்னும் துணிவாலும் நேர்ந்தவையே பல.

அமெரிக்கர் தம் முதற்கலங்களில் தூய பிராணவாயுவையே நிரப்பினர். அதனை விண்ணில் மூன்றிலொரு பங்கு அழுத்தத்தில் வைத்தால் போதும், கலத்தின் சுவர் மெல்லியதாக அமையலாம், கருவிகளும் எளியவாகும். மெர்க்குரி, ஜெமினிப் பயணங்கள் இம்முறையில் இனிது முடிந்தன. 1967-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள், அப்பல்லோக் கலம் ஒன்று ஏவுதளத்தில் சோதனையில் இருந்தது. விர்ஜில் கிரிசம், எட்வர்டு ஒயிட், ரோஜர் சாஃபி என்னும் மூவர் உள்ளே அமர்ந்திருந்தனர். அன்று கலத்தினுள் இருந்த தூய பிராணவாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தினும் மிகுதி. அந்நிலையில் சிறு பொறியும் பெருந்தீயாகும். தீப்பற்றியது, கதவோ உட்புறம் திறக்கும் அமைப்பினது, உள்ளே மிகுந்த அழுத்தம் அதனைத் திறக்கவொட்டாது தடுத்தது. மூவரும் நச்சுப் புகையால் மாண்டனர். அதன் பின்னரே ஏவுதளத்தில் பிராணவாயுவுடன் நைட்ரஜனையும் கலந்தனர். வெளிப்புறம் விரைந்து திறக்கும் கதவினை அமைத்தனர். எளிதில் எரியும் பொருள்களை நீக்கினர்.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1961-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சோவியத்து நாட்டில் வாலன்டின் பொண்டரென்கோ என்னும் இளைஞர், பிராணவாயு மிகுந்த சோதனை அறையினுள் தீக்கிரையாகி இறந்தார். அச்செய்தியை அந்நாட்டார் 1986-ஆம் ஆண்டு வரையில் மறைத்து வைத்தனர். வெளிப்பட்டிருப்பின் அமெரிக்கர் விழிப்புற்றிருப்பரோ என்பதை எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும், உயிரைக் காக்கும் அறிவினை ஒளித்து வைத்தல் எந்நாட்டுக்கும் புகழாகாது. போட்டி பொறிகளில் இருக்கலாம். மூச்சில் இருத்தல் ஆகாது.

சோவியத்து நாட்டாரும் இத்தகைய துன்பத்தினின்று தப்பவில்லை. 1964-ஆம் ஆண்டில் வஸ்கோத் கலத்தில் மூவர் சென்றனர். இடம் போதாமையால் அழுத்தக் காப்புடை அணியாமலே சென்றனர், நலமே திரும்பினர். அவ்வழக்கம் சோயுஸ் கலத்திலும் தொடர்ந்தது. 1971-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் டோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ் என்னும் மூவர், சல்யூத் நிலையத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் தங்கிய பின் சோயுஸ்-11 கலத்தில் திரும்பினர். கலத்தின் பகுதிகள் பிரிந்தபோது காற்றழுத்தம் சமன் செய்யும் வால்வு ஒன்று, திறக்கலாகாத உயரத்தில் திறந்து கொண்டது. காற்று வெளியேறியது. அதனைக் கையால் மூடுதற்கு வேண்டிய நேரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கலம் குறித்தவாறே நிலத்தில் இறங்கியது. கதவைத் திறந்தோர் மூவரையும் உயிரற்ற உடல்களாகவே கண்டனர். கலத்தின் மெய் பழுதின்றி மீண்டது, உயிர் மீளவில்லை. அதன் பின்னர் வீரர் அனைவரும் காப்புடை அணிந்தே ஏறவும் இறங்கவும் வேண்டும் என்னும் விதி உண்டாயிற்று. காப்புடைக்கு இடம் வேண்டியிருந்தமையால், பல ஆண்டுகள் அக்கலத்தில் இருவரே சென்றனர். மூன்றாம் இருக்கையைத் துறந்து அச்சிறு உடையைக் கொண்டது சிறந்த முடிவு. அம்முடிவினை மூவர் உயிரிழப்பதற்கு முன்னரே கொண்டிருத்தல் வேண்டும்.

1970-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நிகழ்ந்த அப்பல்லோ-13 பயணத்தைப் பலரும் அறிவர். சந்திரனை நோக்கிச் சென்ற கலத்தில் பிராணவாயுக் கலம் ஒன்று வெடித்தது. ஜேம்ஸ் லவெல், ஜான் சுவைகெர்ட், பிரெடு ஹெய்ஸ் என்னும் மூவரும் சந்திரனில் இறங்குதற்குரிய சிறுகலத்தில் புகுந்து உயிர் காத்தனர். இருவர் இரண்டு நாள் வாழ்தற்கென அமைந்த அக்கலத்தில் மூவர் ஏறத்தாழ நான்கு நாள் வாழ வேண்டியதாயிற்று. பிராணவாயு போதிய அளவு இருந்தது. கரியமிலவாயுவே ஏறிக்கொண்டு வந்தது. தாய்க்கலத்தில் லித்தியம் ஹைட்ராக்சைடு கொள்கலங்கள் பல இருந்தன. ஆனால் அவை சதுர வடிவின. சிறுகலத்தின் வாயிலோ வட்ட வடிவினது. ஒன்று மற்றொன்றில் பொருந்தவில்லை. நிலத்தில் இருந்த பொறியாளர், கலத்தில் இருந்த பிளாஸ்டிக் பைகள், அட்டைகள், காப்புடைக் குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டே ஓர் இணைப்பினை அமைத்து, அதன் முறையை வானொலி வழியே ஓதினர். வீரர் அவ்வாறே செய்தனர். கரியமிலவாயுவின் அளவு இறங்கியது. ஏப்ரல் 17-ஆம் நாள் மூவரும் கடலில் நலமே இறங்கினர்.

இவ்வறிவுத் திறத்தை உலகம் போற்றுகிறது, போற்றத் தக்கதே. எனினும் போற்றியதோடு நிறுத்துவோர் பாதிப் பாடமே கற்றவராவர். ஒரே பயணத்தில் இணைந்து சென்ற இரு கலங்களில், ஒரே தொழில் செய்யும் கொள்கலங்கள் இருவேறு வடிவினவாக இருந்தது ஏன்? இரு நிறுவனத்தார் தனித்தனியே கட்டினர். ஒன்றன் பொருள் மற்றொன்றிற்கு உதவும் நிலை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பொறியாளரின் திறமை மூவர் உயிரைக் காத்தது. கொள்கலங்கள் ஒரே வடிவினவாக இருந்திருப்பின் அத்திறமைக்கு வேலையே இராது. இடர் வந்தபின் வெல்லும் அறிவு பெரிது. வாராமற் காக்கும் அறிவு அதனினும் பெரிது. முன்னதற்குப் பாராட்டு உண்டு. பின்னதை ஒருவரும் அறியார். ஏனெனில் அங்கே நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது ஒன்றும் நிகழ்வதில்லை.

1997-ஆம் ஆண்டில் ருசியரின் மீர் நிலையத்தில் நேர்ந்த இரு இடர்களும் இங்கு நினைக்கத் தக்கவை. பிப்ரவரி 23-ஆம் நாள், பிராணவாயுவை வெளியிடும் பொருளடங்கிய கலம் ஒன்று தீப்பற்றியது. மூச்சளிக்க வந்த பொருளே மூச்சை அடைக்கும் புகையாயிற்று. அறுவர் மூச்சுக்கவசம் அணிந்து தீயுடன் போராடி வென்றனர். ஜூன் 25-ஆம் நாள், சரக்குக் கலம் ஒன்று நிலையத்தின் மீது மோதிச் சுவரைத் துளைத்தது. காற்று கசிந்தது. துளைபட்ட பகுதியின் கதவை உடனே மூட வேண்டும். ஆனால் கதவின் வழியே மின்கம்பிகள் சென்றிருந்தன. அவற்றை நீக்கிய பின்னரே வாயிலை அடைக்க இயன்றது. உயிர் காக்கும் கதவின் குறுக்கே கம்பியை இழுத்தோர் தீங்கு நினைந்தவர் அல்லர். அன்றாட வசதியை நினைந்தவரே. பெருங்கேடுகள் பல இத்தகைய சிறு வசதிகளினின்றே தோன்றுகின்றன.

ஆயத்தமாய் இருந்தோர் எய்திய நலத்திற்கும் சான்று உண்டு. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பன்னாட்டு நிலையத்தின் காற்றழுத்தம் மெல்லக் குறைவதைக் கருவிகள் காட்டின. வீரர் பகுதி பகுதியாக ஆராய்ந்து, இணைந்திருந்த சோயுஸ் கலத்தில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள துளையைக் கண்டனர். துணியையும் பிசினையும் கொண்டு அடைத்தனர். அளக்கும் கருவி இருந்தது. அடைக்கும் பொருள் இருந்தது. தேடும் முறையை அவர்கள் பயின்றிருந்தனர். ஆதலின் அது துன்பமாக மாறவில்லை.

இவற்றைக் கேட்டுச் சிலர் மறுத்துரைப்பர். 'துணிந்தவர்க்கே விண்வெளி உரியது. எல்லா இடரையும் எண்ணிக் கொண்டிருப்பின் ஒருவரும் நிலத்தை விட்டு எழ இயலாது. மேலே அனுப்பும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் பெரும்பொருள் செலவாகிறது. மிகைக் காப்புகள் வீண் சுமை' என்பது அவர் கூற்று. இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. இடரே இல்லாத பயணம் உலகில் இல்லை. ஆனால் இடர் இருவகைப்படும். ஒருவரும் முன்னர் அறியாதது ஒன்று. அறிந்தும் பொருட்படுத்தாதது மற்றொன்று. முன்னதை ஏற்பது துணிவு. பின்னதை ஏற்பது சோம்பல். தூய பிராணவாயுவில் தீ பெருகும் என்பதும், காற்றில்லா வெளியில் காப்புடையின்றி உயிர் நில்லாது என்பதும் அறிஞர் முன்னரே அறிந்தவை. அங்கே போதாதிருந்தது கவனமே. கடல் கடந்து செல்லும் கப்பலில் உயிர்ப்படகு வைத்தலை ஒருவரும் வீண் சுமை என்று கூறார். விண்கலத்தின் மிகைக் காற்றும் அத்தகையதே.

இனி வரும் பயணங்கள் நெடியவை. செவ்வாய்க் கோளுக்குச் செல்லப் பல திங்கள் ஆகும். இடைவழியில் திரும்புதலும் இயலாது. நிலவுலகினின்று விரைந்து உதவி வருதலும் இயலாது. அங்குள்ள காற்று பெரும்பாலும் கரியமிலவாயு. அதனினின்று பிராணவாயுவைப் பிரிக்கும் மாக்ஸி என்னும் சிறுகருவியை நாசா நிறுவனத்தார் பெர்சிவியரன்சு ஊர்தியில் அனுப்பினர். 2021-ஆம் ஆண்டு முதல் 2023-ஆம் ஆண்டு வரை அது உண்டாக்கிய பிராணவாயு மொத்தம் 122 கிராம். ஒருவர் மூன்றரை மணி நேரம் மூச்சுவிட அது போதும். வேற்றுக் கோளில் மனிதர் ஆக்கிய முதல் பிராணவாயு அது என்பதால் அதன் பெருமை குறையாது. செல்ல வேண்டிய வழி எவ்வளவு நெடியது என்பதையும் அவ்வளவே காட்டுகிறது.

அவ்வழியில் செல்வோர்க்கு வேண்டுவன மூன்று. கலங்களைக் கட்டுவோர் எந்நாட்டினராயினும், மூச்சுக்குரிய கருவிகளின் இணைப்புகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு ஒரே அளவினவாக அமைத்தல் முதலாவது. ஒரு வழி கெட்டால் அதனைச் சாராத மற்றொரு வழி காக்குமாறு அமைத்தலும், பழுதினை வீரர் தம் கையாலேயே நீக்குமாறு செய்தலும் இரண்டாவது. ஒருவர் கண்ட பிழையை மற்றெல்லாரும் அறியுமாறு மறைக்காது வெளியிடுதல் மூன்றாவது. இவற்றுள் ஒன்றேனும் அரிய பொருளை வேண்டுவதன்று. ஒற்றுமையையும் நேர்மையையும் பொறுமையையும் வேண்டுவது.

வருங்காலத்தில் பொறியியல் பயிலும் மாணவருள் பலர் பெரும்பொறிகளைப் படைக்க விழைவர். வடிகட்டியைச் சீர்செய்வதிலும் வால்வினைச் சோதிப்பதிலும் வாழ்நாளைச் செலவிட விழைவார் சிலராகவே இருப்பர். அச்சிலரின் பெயர் செய்தித்தாள்களில் வாராமல் போகலாம். எனினும், தொலைவிலுள்ள ஒரு கலத்தினுள் ஒருவர் இரவில் அச்சமின்றி உறங்கி, காலையில் தலைவலியின்றி எழுவராயின், அது அவர்களால் விளைந்த பயனாகும். நாடுகள் பொறிகளுக்குக் கொடுக்கும் மதிப்பில் ஒரு பங்கினை இவர்களுக்கும் கொடுத்தல் வேண்டும். மெய்யை ஆக்குவோரும் உயிரைக் காப்போரும் ஒப்ப மதிக்கப்படும் நாட்டின் கலமே, சென்றவரை மீட்டுக் கொணரும்.